சாணியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே

நம் இதழில் சாணி இல்லாத பக்கம் கிடையாது. மாட்டுச் சாணம், ஆட்டுப் புழுக்கை, கோழி எரு, மண்புழு எச்சம் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டோம். பஞ்சகவ்யாவுக்கு எத்தனை நாள் சாணி ஆகும், எத்தனை நாள் சாணி ஆகாது என்று ஒரு கூட்டத்தில் இரண்டு பேர் அரை மணி நேரம் மல்லுக்கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் மாவட்டத்து வேடந்தாங்கல் ஜனங்களுக்கு இந்த விஷயத்தில் இன்னும் பழைய அறிவு உண்டு. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணிதான் கழனிக்கு உரம் என்று தெரிந்து, பறவைகளைச் சுடக் கூடாது என்று 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டவர்கள்.

மாடு, கோழி, மண்புழு, நாரை எல்லாம் கழிக்கலாம், நாம் கைகட்டி நின்று பாராட்டுவோம். மனுசன் வயிறு, மனுசன் மலம் என்று வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம். இல்லாவிட்டால் 'உணவே மருந்து' என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம்.

நான் இன்றைக்கு வாயைத் திறக்கலாம் என்று இருக்கிறேன். எனக்கு வயது 54. ஆறு வருஷமாக எனக்கு மலத்தை அடக்க முடியாத தொல்லை இருக்கிறது. வயித்தால போறது என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றும் நினைத்துக்கொள்வார்கள். இது அது இல்லை. சில நாள் அவசரம் வந்தால் இரண்டு நிமிஷம்கூடத் தாங்காது. சில நாள் வந்ததே தெரியாது, உள்பாவாடை ஈரமான பிறகுதான் தெரியும்.

திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர். ஒன்றரை ஏக்கர் ஏரிப் பாசனம், மிச்சம் கேணியை நம்பிக் காய்கறி. சொர்ணவாரி போடுகிற வருஷம் போடுவோம், சம்பா விடாமல் போடுவோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சம்பா நடவு அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். எட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருக்கிறோம். நான் நடுவில். முழங்கால் சேறு. வயிறு ஒரு பிரட்டு பிரட்டியது. வரப்புக்கு ஏற வேண்டுமென்றால் முப்பது தப்படி சேற்றைக் கடக்கணும். ஏறினால் மட்டும் எங்கே போவது? மோட்டார் கொட்டகையைத் தவிர எங்கள் கழனியில் ஒரு மறைவு கிடையாது. பக்கத்தில் இருந்த சவுக்குத் தோப்பை வெட்டி பிளாட் போட்டுச் சுற்றுச்சுவர் எழுப்பி நாலு வருஷம் ஆகிறது. நான் யோசித்து முடிப்பதற்குள் நடந்துவிட்டது.

வழுக்கி விழுந்த மாதிரி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். இடுப்பு வரைக்கும் சேறானால் யாருக்கும் எதுவும் தெரியாது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு வாய்க்காலில் போய் இடுப்பளவு தண்ணியில் உட்கார்ந்து கழுவிக்கொண்டேன். என் பின்னாலேயே ஒரு ஆயா வந்தாங்க. அறுபத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, காதோடு சொன்னாங்க: “நானும் இப்படித்தான் கண்ணு உய்ந்துடுவேன்.”

அந்த ஆயா என் கழனியில் பன்னிரண்டு வருஷமாக நடவு நடுகிறவங்க. பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை தடவை அவங்க 'விழுந்திருப்பாங்க', எத்தனை தடவை நான் வரப்பில் நின்று மற்றவர்களோடு சிரித்திருப்பேன்! இயற்கை விவசாயம் பண்ணுகிறேன், மண்ணுக்கு விஷம் போடுவதில்லை, புழுவுக்குக்கூட வலிக்காமல் வேலை பார்க்கிறேன் என்று நான் பெருமையாகச் சுற்றிக்கொண்டிருந்த அந்தப் பன்னிரண்டு வருஷமும் என் நிலத்தில் ஒரு கழிப்பறை கிடையாது.

கழிப்பறை பற்றிப் பிறகு வருகிறேன். முதலில் வைத்தியத்தைப் பற்றி நம் ஆட்களிடம் கொஞ்சம் கோபப்பட வேண்டியிருக்கிறது.

இந்தத் தொல்லை ஆரம்பித்த புதிதில் நான் யாரிடமும் நேராகச் சொல்லவில்லை. 'வயிறு சரியில்லை' என்று மட்டும் நம் கூட்டங்களில் இரண்டொருவரிடம் சொன்னேன். உடனே வந்தது யோசனை. அரிசியை நிறுத்து, சிறுதானியம் சாப்பிடு என்றார் ஒருவர். காலையில் வெறும் வயிற்றில் வாழைத்தண்டு சாறு, கீரைச் சாறு குடி என்றார் இன்னொருவர். எனக்கும் நம்பிக்கை. ஒரே வாரத்தில் வரகு, சாமை, கறுப்புக் கவுனி என்று முழுசாக மாறினேன். காலையில் சாறு, ராத்திரியில் கடுக்காய்ப் பொடி. நாளுக்கு இரண்டு தடவை போனது ஆறு தடவை ஆனது. வயிறு தம்மென்று ஊதிக்கொண்டது. ஒரு பயிற்சிக்கு வந்த இயற்கை வைத்தியரிடம் கேட்டேன். “உடம்பிலிருந்து கழிவு வெளியேறுதும்மா, நல்லதுதான். தடுக்காதீங்க” என்றார். நான் அதை நம்பி ஐந்து மாதம் காத்திருந்தேன். அந்த ஐந்து மாதமும் வீட்டைவிட்டு எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் எங்கேயும் போகவில்லை. என் அண்ணன் மகள் கல்யாணத்துக்குக்கூட முகூர்த்தம் முடிந்ததும் சாப்பிடாமல் வந்துவிட்டேன். அண்ணி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனபோது விஷயம் சாதாரணமாக இருந்தது. எனக்கு இரண்டாவது பிள்ளை பெரிய பிள்ளை. ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள், தையல் நிறையப் போட்டார்கள். ஆசனவாயைச் சுற்றி இருக்கிற தசை சுருக்குப் பையின் கயிறு மாதிரி. பிரசவத்தில் அது கிழிந்தோ பலம் குறைந்தோ போனால் சின்ன வயசில் மற்ற தசைகள் சேர்ந்து சமாளித்துவிடும். மாதவிலக்கு நின்று உடம்பு தளர்கிற காலத்தில்தான் கயிறு நெகிழ்ந்திருப்பது வெளியே தெரியும். இருபத்தைந்து வருஷம் கழித்து வந்த வியாதிக்கும் பிரசவத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கயிறு நெகிழ்ந்த பையில் கெட்டியான பொருள் இருந்தால் நிற்கும், தண்ணி இருந்தால் ஒழுகும். நானோ நார்ச்சத்தை ஒரே வாரத்தில் மூன்று மடங்கு ஏற்றி, மேலே கடுக்காயும் போட்டு உள்ளே இருந்ததை இளக்கிக்கொண்டிருந்தேன்.

சிறுதானியம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. இன்றைக்கும் வாரத்தில் மூன்று நாள் சாப்பிடுகிறேன். நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும், தண்ணியும் கூட வேண்டும், ஒவ்வொரு வயிற்றுக்கும் ஓர் அளவு உண்டு. ஒரே உரத்தை எல்லா மண்ணுக்கும் சிபாரிசு பண்ணுகிறவனை நாம் என்ன சொல்லித் திட்டுவோம்? அதையே வயிற்றுக்குப் பண்ணுகிறோம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் வட்டாரத்தில் ஒரு மூத்த உழவர், நல்ல மனுசர், விதை கொடுத்தால் காசு வாங்க மாட்டார். மலத்தில் ரத்தம் வந்ததை மூலம் என்று நினைத்துத் துத்திக்கீரை சாப்பிட்டுக்கொண்டே ஒன்றரை வருஷம் ஓட்டினார். கூட்டத்துக்குக் கூட்டம் இளைத்துக்கொண்டே வந்தார். நாங்களும் 'தோப்பு வேலை அதிகம் போலிருக்கு' என்றுதான் நினைத்தோம். கடைசியில் பார்த்தால் பெருங்குடலில் புற்று. நேரம் கடந்துவிட்டது. துத்திக்கீரை அவரைக் கொல்லவில்லை. அதை நம்பிக் கழிந்த மாதங்கள்தான் போய்விட்டன.

ரத்தம் வந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், சோகை பிடித்தால், வழக்கமாகப் போகிற முறை மாறி மூன்று வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால், கைவைத்தியம் வேண்டாம், டாக்டரிடம் போங்கள். முதுகு வலியோடு கால் பலம் குறைந்து, உட்கார்கிற இடம் மரத்துப்போய், மலமோ மூத்திரமோ திடீரென்று கட்டுப்பாடு போனால் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது தண்டுவட நரம்பு நசுங்குகிற அவசரம், மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கக் கூடாது. எங்கள் பக்கத்துக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. டாக்டரிடம் 'வயிறு சரியில்லை' என்று சுற்றி வளைக்காமல் 'அடக்க முடியவில்லை, துணியில் போய்விடுகிறது' என்று நேராகச் சொல்லுங்கள். நான் அந்த வாக்கியத்தைச் சொல்லப் பேருந்தில் வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. பிரசவம் எப்படி ஆச்சு, சர்க்கரை உண்டா, மூலத்துக்கோ பௌத்திரத்துக்கோ ஆபரேஷன் ஆனதுண்டா என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தார்கள். கூச்சமாகத்தான் இருந்தது, ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

சர்க்கரை வியாதி பல வருஷம் இருந்தால் குடலுக்குப் போகிற நரம்பும் கெடும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். சர்க்கரைக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் மாத்திரை சிலருக்கு வயிற்றை இளக்கும். நாமாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் மெதுவாகக் கரைகிற வகையை மாற்றிக் கொடுப்பார்.

என் மாமியார் கதை இதற்கு நேர் எதிர். இடுப்பு எலும்பு உடைந்து படுத்தவங்களுக்கு மூன்று மாதம் கழித்து நாள் பூராவும் தண்ணியாகக் கசிந்தது. பேதி என்று நினைத்து நாங்கள் கஞ்சியைக் குறைத்தோம், பேதி நிற்கிற மாத்திரை கொடுத்தோம். இன்னும் மோசமானது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த செவிலியர்தான் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, “பேதி இல்லீங்க, மலச்சிக்கல்” என்றார். உள்ளே மலம் கல்லாக இறுகி அடைத்துக்கொண்டால் அதைச் சுற்றி நீராக இருப்பது மட்டும் கசிந்து வெளியே வருமாம். மதகு அடைத்துக்கொண்டால் கரை ஓரமாகக் கசிகிற மாதிரி. எனிமா கொடுத்து எடுத்த பிறகு ஒரு வாரத்தில் சரியானது. படுத்த கிழவி பேண்டுகொண்டே இருக்கிறாள் என்று சோற்றைக் குறைக்கிற வீடுகள் எத்தனையோ இருக்கும். நாங்களும் அதைத்தான் பண்ணினோம், வேணும்னு பண்ணவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும், படுத்த படுக்கையாக இருக்கிறவர்களுக்குப் பராமரிப்பும் உண்டு. மாத்திரைக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

என் தினப்படி எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். டாக்டர் சொன்னதும் நானாகக் கண்டுபிடித்ததும் கலந்தது, அப்படியே காப்பியடிக்க வேண்டாம்.

பண்ணைக் குறிப்பேடு வைத்திருக்கிறோமில்லையா, அதன் கடைசிப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு குறிப்பு. என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குப் போனேன், கெட்டியா இளகலா, கசிந்ததா. ஆறு வாரம் எழுதியதில் தெரிந்தது: எனக்குப் பால் ஆகவில்லை, காப்பி ஆகவே ஆகவில்லை, பச்சை மிளகாய் போட்ட எதுவும் நாலு மணி நேரத்தில் பழிவாங்கும். பாலைத் தயிராக்கி மோராக்கிக் குடித்தால் ஒன்றும் பண்ணுவதில்லை. பலாப்பழ மாதத்தில் இரண்டு சுளையோடு நிறுத்திக்கொள்கிறேன், இது எனக்குப் பெரிய தியாகம். காலையில் சிறுமணி அரிசிப் பழைய சோறும் மோரும். பழைய சோற்றைச் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் மருத்துவர்களே ஆராய்ச்சிக்கு எடுத்தார்கள் என்று படித்தபோது நம் ஆட்களைவிட எனக்குத்தான் சந்தோஷம். ஆனால் அதைச் சாப்பிட்டு என் கிழிந்த தசை ஒட்டிக்கொள்ளாது என்பதும் எனக்குத் தெரியும். இசப்கோல் உமியை டாக்டர் கொடுத்தார். இளகலாக இருந்தால் கெட்டியாக்கும், கெட்டியாக இருந்தால் இளக்கும், இரண்டு வேலையும் செய்கிற அதிசயப் பொருள். கல்யாணம், வெளியூர்ப் பயணம் என்றால் லோபரமைடு மாத்திரை பாதி. அதை டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். காய்ச்சலோடு, ரத்தத்தோடு பேதி போகும்போது போடவே கூடாது.

சாப்பிட்டதும் குடல் தானாக அசையும், அது எல்லா உடம்புக்கும் உள்ள பழக்கம். அதனால் காலையில் சாப்பிட்ட அரை மணிக்குள் அவசரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போய்க் குந்திவிடுகிறேன். முக்குவதில்லை. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு எழுந்துவிடுவேன். இந்த ஒரு பழக்கத்தால் பகலில் வருகிற அவசரம் பாதியாகக் குறைந்தது.

அடுத்தது தசைப் பயிற்சி. காற்றை அடக்குவது போல் ஆசனவாயை உள்ளிழுத்து இறுக்கி, ஐந்து எண்ணிவிட்டு, நிதானமாக விட வேண்டும். போகப் போகப் பத்து வரைக்கும் எண்ணலாம். மூச்சைப் பிடிக்கக் கூடாது, வயிறும் தொடையும் இறுகக் கூடாது. பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று நாலு வேளை. பேருந்தில் பண்ணுகிறேன், வரப்பில் உட்கார்ந்து பண்ணுகிறேன், உங்களோடு கூட்டத்தில் உட்கார்ந்து விதைப் பரிமாற்றம் பற்றிப் பேசும்போதும் பண்ணுகிறேன், யாருக்கும் தெரியாது. இரண்டு மாதம் ஒரு பலனும் தெரியவில்லை, விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். நாலாவது மாதம் அவசரம் வந்த பிறகு வரப்பு ஏறுகிற வரைக்கும் தாங்கியது. முப்பது தப்படி! முழுசாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாதத்தில் இரண்டு மூன்று தடவை இன்னும் போய்விடுகிறது.

அதற்காக ஒரு மஞ்சள் பை எப்போதும் என்னோடு வரும். ஒரு பாவாடை, மடித்த பழைய வேட்டித் துணி நாலு, சோப்புத் துண்டு, ஒரு லிட்டர் தண்ணி, அழுக்குத் துணி போட இறுகக் கட்டுகிற பை. கடையில் விற்கிற பேடு வெளியூருக்கு மட்டும். கழுவிய பிறகு ஈரம் போகத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன், இல்லையென்றால் தோல் புண்ணாகும். சேற்று வேலை நாளில் இது ரொம்ப முக்கியம். ரொம்பப் பேர் பண்ணுகிற தப்பு ஒன்று உண்டு, நானும் பண்ணியிருக்கிறேன்: வெளியே போகிற நாளில் சாப்பிடாமல், தண்ணி குடிக்காமல் போவது. தண்ணி குறைந்தால் மலம் இறுகும், மூத்திரத் தாரை எரியும், வெயிலில் மயக்கம் வரும். நடவுக்கு வருகிற பெண்கள் ஏன் மத்தியானம் வரைக்கும் சொம்பைத் தொடுவதில்லை என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறோமா? அவங்களுக்குத் தாகம் இல்லாமல் இல்லை.

ஆக, கழிப்பறை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளிக்குக் கழிப்பறை வேண்டும் என்றது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் தேயிலைத் தோட்டத்துக்கு அதையே சொன்னது. 2005இல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்தபோது வேலையிடத்தில் குடிதண்ணி, நிழல், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்று எழுதினார்கள், கழிப்பறையை எழுதவில்லை. நம்மைப் போன்ற சின்னப் பண்ணையைக் கேட்க ஆளே இல்லை. கேட்க ஆள் இல்லை என்பதால் நாமும் கட்டவில்லை. முன்பாவது சவுக்குத் தோப்பு, தாழம்புதர், ஏரிக்கரை என்று ஒரு மறைவு இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இரண்டு பக்கமும் இப்போது சுவரும் முள்கம்பியும்தான். மாமல்லபுரத்துக்குச் சிற்பம் பார்க்க வருகிறவருக்குக் காசு கொடுத்தாவது ஒரு கழிப்பறை கிடைக்கும். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் களை எடுக்கிற பெண்ணுக்கு விடியற்காலை இருட்டு, விட்டால் சாயங்கால இருட்டு.

நம் குழுவில் ஒருவர் பண்ணையை இன்னொருவர் போய்ப் பார்த்துச் சான்று கொடுக்கிற பங்கேற்பு முறை இருக்கிறது. நானே நாலு பண்ணைகளுக்குப் போயிருக்கிறேன். பக்கத்து நிலத்து மருந்து உங்கள் பயிரில் விழாமல் என்ன ஏற்பாடு, விதை எங்கே வாங்கினீர்கள், தெளிப்பான் சொந்தமா வாடகையா என்று எல்லாம் கேட்டிருக்கிறேன். வேலைக்கு வருகிறவர்கள் எங்கே போவார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, என்னையும் யாரும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியை நம் குழுப் படிவத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. போன கூட்டத்தில் சொன்னபோது, “இதெல்லாம் அரசாங்கம் பண்ண வேண்டியது, சின்ன விவசாயி தலையில் கட்டாதீங்க” என்றார் ஒரு தோழர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, செலவு செலவுதான். ஆனால் சொட்டுநீருக்கும் சூரிய மின்வேலிக்கும் மானியத்துக்கு அலைகிற நாம் இதற்கு ஒரு மனுக்கூடப் போட்டதில்லையே.

செலவைக் குறைக்க வழியும் நம் கையில்தான் இருக்கிறது. குழி எடுத்துக் கட்டுகிற கழிப்பறை எங்கள் கடலோர மணலுக்கு அவ்வளவாக ஒத்துவராது. மழைக்காலத்தில் நிலத்தடித் தண்ணி மேலே வந்துவிடும், குழித் தண்ணி கேணிக்குப் போய்விடும். தரைக்கு மேலேயே இரண்டு அறை கட்டி, மலம் தனியாக, மூத்திரம் தனியாக, கழுவுகிற தண்ணி தனியாகப் போகிற உலர் கழிப்பறைதான் இங்கே பொருத்தம். திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் தொண்டு நிறுவனம் இதை ஊர் அளவில் செய்து காட்டியது. பயன்படுத்துகிறவருக்குக் காசு கொடுத்த பொதுக் கழிப்பறை அங்கேதான் இருந்தது. அதை முன்னின்று நடத்திய சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

நான் கட்டியது சின்னது. போய்விட்டு வந்ததும் ஒரு கை சாம்பல் போட வேண்டும், நாற்றம் இல்லை, ஈ இல்லை. ஓர் அறை நிரம்பினால் மூடி முத்திரை வைத்த மாதிரி ஒரு வருஷம் தொடக் கூடாது. நாக்குப்பூச்சி முட்டை லேசில் சாகாது. பிறகு எடுப்பதைத் தென்னைக்கும் வாழைக்கும் போடலாம், கீரைக்கும் காய்க்கும் வேண்டாம். மூத்திரத்தை ஒன்றுக்குப் பத்து தண்ணி கலந்து வாழைக்கு விடுகிறேன். வீட்டுக்காரர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாழை குலை தள்ளிய பிறகு பேசாமல் இருக்கிறார். கட்டும்போது பழைய பழக்கத்தில் எல்லாருக்கும் குந்துகிற மாதிரியே வைத்துவிட்டேன். முழங்கால் மடங்காத ஆயாவுக்காகப் பிறகு பக்கச் சுவரில் ஒரு இரும்புக் குழாய் பதித்தேன், பிடித்து எழுந்திருக்க.

அந்த ஆயா முதல் நாள் உள்ளே போய்விட்டு வந்து, “பூட்டு போட்டுடாத கண்ணு” என்றாங்க. ஆளில்லாத நாளில் யாராவது பிளாஸ்டிக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நான் பூட்டு வாங்கி வைத்திருந்தேன். போடவில்லை. கதவு இன்னும் இருக்கிறது.

நம் கூட்டங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து இரண்டு மணி வரைக்கும் எழுந்திருக்க விடாமல் பேசுகிறோம். பேச்சாளர் முன்னால் எழுந்து போனால் மரியாதை இல்லை என்று ஒரு பார்வை வேறு. இடையில் பதினைந்து நிமிஷம் விடுங்கள். மைக்கில் தேநீர் எங்கே என்று அறிவிக்கிற மாதிரியே கழிப்பறை எங்கே என்றும் அறிவியுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டால் என்னைப் போன்றவர்கள் கேட்க மாட்டோம், வீட்டிலேயே இருந்துவிடுவோம். கூட்டத்துக்கு வருகிற வயசான உழவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்று நம் நிர்வாகிகள் வருத்தப்படுகிறார்கள். கால் வலி, பேருந்து வசதி என்று காரணம் சொல்வார்கள். எல்லாருக்கும் கால்தான் வலிக்கிறதா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அடுத்த வட்டாரக் கூட்டம் எங்கள் கழனியில் நடக்கிறது. மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், வேப்பமரத்தை ஒட்டிப் பச்சைக் கதவு. வாளியில் தண்ணி இருக்கும், சாம்பல் டப்பா வலது பக்கம். யாரையும் கேட்க வேண்டாம், நேரே போகலாம்.